தொண்ணூற்றிரண்டும் இருபத்தெட்டும்

ரெங்கம்,
12 பிப்ரவரி 2024

அன்புள்ள சகலை வேலு அவர்களுக்கு,

ஜெயபாலன் எழுதுவது. இங்கே நானும் புஷ்பவள்ளியும் ஏதோ இருக்கிறோம். அங்கே நீங்களும் மலரும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை.

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் காது மந்தத்துக்காக உங்கள் மகள் லோஷினி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், ஸ்கூடாய் தாமான் வீடுகள் முழுக்கக் கேட்கிறது. வாட்சப்பை நான் இனித் தொடுவதாக இல்லை. போன தீபாவளிக்கு "மூத்திரம் சொட்டுச் சொட்டாப் போகுது, உங்களுக்கு எப்படி" என்று உங்களுக்கு அனுப்பியது குடும்பக் குரூப்பில் போய் விழுந்தது. எண்பத்துநாலு பேர் பார்த்தார்கள். கோத்தா திங்கி ஊர்ச் சொந்தம் மூன்று பேர் பார்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பதில் போட்டார்கள். அதற்குத் தபால்காரரே மேல்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாமே. ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியை எம்.ஆர்.ஐ. மெஷினில் படம் எடுத்து, அது எத்தனை பெரிது, அந்த அளவுக்கும் அங்கே வரும் கேன்சருக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிறார்களாம். உங்களைச் சேர்த்துப் படமும் எடுத்தாயிற்று என்று மலர் தன் அக்காளிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் என்னிடம் மூச்சு விடவில்லை.

பரவாயில்லை. எனக்கும் இங்கே கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. என்று ஒரு கணக்கு, நாலுக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 7.1. நாலிலிருந்து பத்துக்குள் இருக்கிறவர்களைத்தான் ஆராய்ச்சியில் சேர்ப்பார்கள் என்று நர்ஸ் சொன்னார். ஆக, எனக்கும் தகுதி உண்டு. பெயர் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு எத்தனை, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். எந்த நல்லதும் உங்கள் வாசலைத் தட்டிவிட்டுத்தான் ரெங்கம் பக்கம் வருகிறது. அது எப்படி என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்படிக்கு,
பொறுமைசாலி
ஜெயபாலன்


ஸ்கூடாய்,
26 பிப்ரவரி 2024

அன்புள்ள சகலைக்கு,

வேலு எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும், முக்கியமாக நீங்கள் எண்பத்துநாலு பேருக்கு அறிவித்த அந்தச் சுகமும் அறிய ஆவல்.

எனக்கு 7.3. உங்களைவிடக் கூடத்தான்.

மெஷின் பெரிய குழாய் மாதிரி இருக்கும். உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது. அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த தாயத்தைக்கூட விடவில்லை. முடிச்சு இறுகிப் போயிருந்தது, நர்ஸ் கத்தரிக்கோல் எடுத்து வந்து நறுக்கிவிட்டார். அப்புறம் நாற்பது நிமிஷம் ஆடாமல் அசையாமல் படுக்க வேண்டும். எண்ணெய் ஆலைக்குள் படுத்த மாதிரி சத்தம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எனக்குக் காது மந்தம், நன்றாகத் தூங்கினேன். உங்களுக்குச் சிரமமாக இருக்கும். பாதியில் ஒன்றுக்கு வருகிறது என்று எழுந்து மானத்தை வாங்காதீர்கள்.

டாக்டர் தேவானந்தன் சிலோன்காரர், மரியாதையாகத் தமிழில் பேசுவார். கம்ப்யூட்டரில் அளந்து பார்த்து, என்னுடையது இருபத்தெட்டு மில்லி என்றார். அறுபது எழுபது என்று வருகிற வயசில் இருபத்தெட்டு. "வாலிப வயசில இருக்கிற அளவுதான் ஐயா உங்களுக்கு" என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயசு, உங்களைவிட இரண்டு வயசு மூத்தவன் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். வண்டியில் தினம் பாலம் கடந்து சிங்கப்பூரில் முப்பது வருஷம் உழைத்த உடம்பு, வேறு எப்படி இருக்கும்.

படத்தைப் பற்றி மீதி விஷயம் ஏதோ பிறகு கூப்பிட்டுப் பேசுவார்களாம். பேச என்ன இருக்கிறது. உங்களுக்கு எத்தனை என்று வந்ததும் மறைக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வேலு (28)


ரெங்கம்,
25 மார்ச் 2024

சகலைக்கு,

ஜெயபாலன். இங்கு வெயில், வேறு விசேஷம் இல்லை. அங்கு எல்லோரும் சௌக்கியமா.

எடுத்தாயிற்று. தொண்ணூற்றிரண்டு. சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

ஜொகூர் பாருவுக்குப் போகிற பஸ்ஸை மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது இடத்தில் டிரைவரே, "அங்கள், பேசாம இங்கேயே குடியிருங்க லா" என்றான். அதற்கான காரணம் இப்போது படத்தோடு தெரிந்துவிட்டது.

ஆனால் ஒன்று கேளுங்கள். நான் டாக்டரிடம், என் சகலைக்கும் இதே ஏழுதான், ஆனால் அளவு இருபத்தெட்டு, அவர் ரொம்ப அதிர்ஷ்டசாலி இல்லையா என்று கேட்டேன். "அவரைப் பத்தி நான் பேச ஏலாது, பொதுவாச் சொல்றேன்" என்றார். அந்த பி.எஸ்.ஏ. சுரப்பியிலிருந்துதான் ரத்தத்துக்கு வருகிறதாம். பெரிய சுரப்பி இயல்பாகவே நிறைய விடும். "பத்துப் பேர் இருக்கிற வீட்டுல சத்தம் கேட்டா யாரும் எட்டிப் பாக்கிறதில்லை. ரெண்டே பேர் இருக்கிற வீட்டுல அதே சத்தம் கேட்டா போய்ப் பாக்கணும்" என்றார். பெரியதாக இருப்பவர்களுக்குக் கேன்சர் குறைவாகத்தான் காண்கிறது என்று ஆராய்ச்சியிலும் தெரிகிறதாம். எனக்கு மாத்திரை மட்டும்தான், ஊசி கீசி ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே பெயருக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு என்று போட்டுக்கொண்டு ரொம்ப ஆட வேண்டாம். உங்கள் வீட்டில்தான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மறுபடி கூப்பிட்டார்களா?

இப்படிக்கு,
ஜெயபாலன் (92)


ஸ்கூடாய்,
8 ஏப்ரல் 2024

ஜெயபாலன் அவர்களுக்கு,

நலம்.

நான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது "அங்க மனுசன மாடு மாதிரி வேல வாங்குவான்" என்றீர்கள். நான் கார்னர் வீடு வாங்கினபோது "கார்னர் வீட்டுலதான் திருடன் ஏறுவான்" என்றீர்கள். லோஷினி பட்டம் வாங்கினபோது "இந்தப் படிப்புக்கு இப்ப யார் வேல தர்றா" என்றீர்கள். எனக்கு ஒரு நல்லது நடந்து நீங்கள் அதில் ஓட்டை பார்க்காத நாள் உண்டா. இப்போது என் உடம்புக்குள் ஒரு சாமான் சின்னதாக இருக்கிறது, அதில் உங்களுக்குக் கேன்சர் தெரிகிறது.

மூத்தவன் நான். ஆனால் நீங்கள் அக்காளைக் கட்டினீர்கள், நான் தங்கச்சியைக் கட்டினேன். அதனால் முப்பத்தெட்டு வருஷமாக எந்தக் கல்யாணத்திலும் பெரிய மாப்பிள்ளை என்று முதல் தாம்பூலம் உங்களுக்கு, அடுத்ததுதான் எனக்கு. நான் வாய் திறந்தேனா. முதல் தாம்பூலம் வாங்கியும் உங்கள் வயிறு நிறையவில்லை.

மறுபடி கூப்பிட்டார்களா என்று கேட்டீர்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. இனி இது பற்றி எழுத வேண்டாம்.

வேலு


ஸ்கூடாய்,
3 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

மலர் வணக்கத்தோடு எழுதுவது. அக்காளின் மூட்டு வலி தேவலையா? நீங்கள் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

போனில் பேச முடியாது, அவர் ஹாலிலேயே இருக்கிறார். காய் வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லி வந்து போஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டு தேடினேன். ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. மார்ச் தேதி போட்டது. படத்தில் ஓர் இடம் சந்தேகமாக இருக்கிறதாம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் போனில் பார்த்தால் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் எடுக்கவே இல்லை.

கேட்டேன் அத்தான். முதலில் கத்தினார். அப்புறம், "டாக்டரே சின்னதுன்னு சொல்லிட்டாரு, எதுக்கு ஊசி" என்றார். நான் அழுததும் உண்மை வந்தது. "இப்பப் போய் அங்க நின்னா ஜெயபாலன் சொன்னது சரின்னு ஆயிடும். அதுக்கு நான் செத்தாலும் பரவால்ல" என்றார்.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உயிர் இப்போது அந்தக் கடிதத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

மலர்


ரெங்கம்,
9 ஜூன் 2024

அன்புள்ள மலருக்கு,

அத்தான் எழுதுவது. அக்காள் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நடமாடுகிறாள். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது.

நான் எழுதினது உண்மைதான் அம்மா. டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஆனால் எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன பிரயோஜனம். நான் எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கணக்கெழுதும் கிராணியாகவே முப்பது வருஷம் லாரி லாரியாய்ச் செம்பனைக் குலை நிறுத்துக்கொண்டிருந்தேன், அவர் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பாதித்தார். ஒரு தடவையாவது என் பக்கம் தராசு சாய்ந்ததே என்று குளிர்ந்து போய் எழுதினேன். அந்தக் குளிர்ச்சியைத்தான் அவர் படித்திருக்கிறார். விஷயம் கண்ணில் படவில்லை.

இனி நான் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார். முப்பத்தெட்டு வருஷம் வயிற்றெரிச்சலில் பேசினவன் ஒரு நாள் அக்கறையில் பேசினால் யாருக்கு வித்தியாசம் தெரியும். என் தப்புதான்.

ஆனால் உன் புருஷனை எனக்குத் தெரியும். அவருக்குச் சாவு பயம் கிடையாது. எனக்கு ஒன்று கிடைத்து அவருக்குக் கிடைக்காமல் போவதைத்தான் தாங்க மாட்டார். ஒரு பொய்க் கடிதம் எழுதப் போகிறேன். வந்ததும் அவர் உன்னிடம் குதிப்பார். "பெரிய மாப்பிள்ளைக்குத்தான் முதல்ல தருவாங்க, விடுங்க" என்று மட்டும் சொல்லு. மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

அத்தான்


ரெங்கம்,
12 ஜூன் 2024

பேரன்புள்ள சகலைக்கு,

சுகம்தானே? எங்களுக்கு இங்கே ஆனந்தம்.

பழையதை மறந்துவிடுவோம். ஒரு நல்ல செய்தி, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன். ஆராய்ச்சியில் இரண்டாம் கட்டம் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முக்கியமான ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்களாம். என் பெயர் இருக்கிறது. ஊசி போட்டுச் சதை எடுத்து வெளிநாட்டு மெஷினில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு நாள் முழுக்கத் தனி அறை, டாக்டர் தேவானந்தனே பக்கத்தில் நிற்பார், முடிவைப் புத்தகத்தில் போடுவார்கள்.

உங்கள் ஞாபகம்தான் வந்தது. என் சகலைக்கும் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். சின்ன அளவுக்காரர்களுக்கு இது கிடையாது, அவர்கள் முதல் கட்டத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். வருத்தப்படாதீர்கள். எல்லோருக்கும் எல்லாமும் கிடைக்குமா.

இப்படிக்கு,
உங்கள் பெரிய சகலை
ஜெயபாலன்


ஸ்கூடாய்,
20 ஜூன் 2024

பெரிய சகலைக்கு,

சுகம். நீங்களும் சுகமாக உட்கார்ந்து படியுங்கள், இது கொஞ்சம் கசக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் பெயர் ஏன் இரண்டாம் கட்டத்தில் இல்லை என்று கவுண்டரில் கேட்டேன். அங்கிருந்த மலாய்க்கார அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அலமாக், பாக்சிக், உங்களத்தான் மூணு மாசமா தேடறோம். உங்க பேருதான் மேல இருக்கு" என்றார்.

மேலே. முதல் ஆள். உங்கள் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் என் கண்ணில் படவில்லை, பின்னால் எங்காவது இருக்கும். நேற்று ஊசியும் போட்டாயிற்று. பன்னிரண்டு இடம். உட்காருவதற்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, அவ்வளவுதான். உங்களுக்கு எப்போது? பன்னிரண்டுக்குக் குறைவாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேலு


ரெங்கம்,
18 ஜூலை 2024

அன்புள்ள சகலைக்கு,

நலமா? நாங்கள் இருக்கிறோம்.

எனக்குத் தள்ளிப் போய்விட்டது. மாத்திரை முடியட்டும் என்றார்கள். உங்களுக்கு முடிவு வந்துவிட்டதா? வந்திருந்தால் இரண்டு வரி போடுங்கள். ஒரு மாசமாகத் தபால்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் நான்தான் வாசல் கேட்டுக்கு ஓடுகிறேன். வேறு எதற்காகவும் எழுதவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

ஜெயபாலன்


ஸ்கூடாய்,
2 செப்டம்பர் 2024

சகலைக்கு,

நாங்கள் இருக்கிறோம். புஷ்பவள்ளி அண்ணிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

முடிவு ஜூலை முதல் வாரமே வந்துவிட்டது. கேன்சர்தான். பன்னிரண்டில் நாலில் இருக்கிறது. சுரப்பிக்குள்ளேயே இருக்கிறது, எலும்புக்கோ வேறு எங்கேயோ போகவில்லை. இன்னும் ஒரு வருஷம் கழித்து வந்திருந்தால் இப்படிப் பேசியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். சுரப்பியை அப்படியே எடுத்துவிடப் போகிறார்கள். அக்டோபர் எட்டு.

என் சகலைக்கு எப்போது இரண்டாம் கட்டம் என்று அவரிடம் கேட்டேன். "அப்படி ஒரு கட்டமே இல்லையே ஐயா" என்றார். வீட்டுக்கு வந்து மலரைப் பார்த்தேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

இரண்டு மாசம் உங்களுக்கு எழுதப் பிடிக்கவில்லை. ஏமாந்ததற்காக அல்ல. நீங்கள் எழுதின அந்த மார்ச் மாசக் கடிதத்தை எடுத்து எடுத்துப் படித்தேன். இப்போது பார்த்தால் அதில் எழுதியிருப்பது எல்லாம் சரி. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். மழுப்பாமல் பதில் எழுதுங்கள். அதை எழுதும்போது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா?

ஆபரேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம். என்னைப் படுக்கையில் பார்க்க உங்களுக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டாம்.

வேலு


ரெங்கம்,
7 செப்டம்பர் 2024

அன்புள்ள சகலைக்கு,

ஜெயபாலன். உங்கள் கடிதத்தைப் புஷ்பவள்ளியிடம் படித்துக் காட்டினேன். சாமி மேடைக்கு முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லை.

இருந்தது. நிறைய இருந்தது. எழுதி முடித்துக் கவரை ஒட்டிவிட்டு, டீக்கடைக்குப் போய்த் தே தாரிக் வாங்கிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம். உங்கள் பதில் வருகிறவரை அது இருந்தது. பதில் வந்த அன்று கோபம் வந்தது. மலர் எழுதின பிறகுதான் எனக்குப் பயமே வந்தது. இதில் அழகாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நடந்தது இப்படித்தான்.

வர வேண்டாம் என்று எழுதினீர்கள். வருவேன். உங்களைப் பார்க்க மாட்டேன், கீழே உட்கார்ந்திருப்பேன். மலருக்கு அக்காள் பக்கத்தில் வேண்டும், அக்காளை அழைத்து வர ஒரு ஆள் வேண்டும். அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கவனமாக இருங்கள்.

ஜெயபாலன்


ஸ்கூடாய்,
22 நவம்பர் 2024

அன்புள்ள சகலைக்கு,

வேலு எழுதுவது. உட்கார்ந்து எழுதத் தெம்பு வந்துவிட்டது, அதனால் நானே எழுதுகிறேன். அங்கே மழை எப்படி? உங்கள் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறவில்லையே?

நேற்று ரத்தம் பார்த்தார்கள். அந்த பி.எஸ்.ஏ. கணக்கு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எல்லாம் எடுத்தாயிற்று, இனி மூன்று மாசத்துக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னார். எடுத்ததை எடை போட்டும் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தொரு கிராம். படத்தில் அளந்தது அனேகமாகச் சரியாக இருக்கிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஆராய்ச்சிக்கு நம்மால் அவ்வளவு நன்மை.

எனக்கு ஆபரேஷன் நடந்த நாலு மணி நேரமும் நீங்கள் கீழே கழிவறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததாக மலர் சொன்னாள். வழக்கமான காரணம்தான் என்று நினைத்தேன். இல்லை, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார் என்றாள். அதை நான் நம்பினேன்.

இப்போது என் சங்கதி. சுரப்பியை எடுத்தால் கொஞ்ச காலம் மூத்திரம் அடங்காதாம். இருமினால் போகிறது, எழுந்தால் போகிறது, சிரித்தால் போகிறது. பெரியவர்கள் போடுகிற பெம்பர்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். உங்களுக்கு வர மாட்டேன் என்கிறது, எனக்கு நிற்க மாட்டேன் என்கிறது. நீங்கள் அரை மணி நேரம் நின்று சொட்டுச் சொட்டாகப் போனாலும், நினைத்த இடத்தில் நின்று போகிறீர்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு நேரமாவது இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லவில்லை, மலரிடம்கூட. உங்களிடம் எழுதியே கொடுக்கிறேன். ஸ்கூடாயில் இருக்கும் சின்னையா மகன் வேலு ஆகிய நான், என் சகலை ஜெயபாலன் மீது பொறாமைப்படுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாகவே பட்டிருக்கிறேன். சுயநினைவோடு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

வேலு